ஆனிச் சாரலில் தாசில்தார்

முதலில் அதை உப்பு என்று நினைத்தேன்.
தண்ணீர்த் தட்டைத் தூக்கினால் அடியில் வெள்ளையாக,
ஒரு ரூபாய் அகலம்.
மறுநாள் ஐந்து ரூபாய்.
அதற்கடுத்த நாள் சில்லறை எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ஊறுகாய் பூத்துவிட்டது என்போம்.
எவ்வளவு மரியாதையான சொல்.
தேங்காய் நார்த்தூள் பூத்தால்
நனைந்த சாக்கின் வாடை,
அதற்குள் ஒரு பாலைவனத்து ஆமை.

ஆரியங்காவுக் கணவாய் வழியாக
ஆனி பிறந்ததிலிருந்து இறங்குகிறது சாரல்.
மழை என்றால் பெய்து ஓயும்.
செங்கோட்டையில் இப்போது தீக்குச்சி உரசாது,
அப்பளத்தைப் பொரித்த கையோடு தின்றுவிட வேண்டும்,
கொடியில் போட்ட துணி
நான்காம் நாள் காயாமலே நாறும்.

மாடியில் குடியிருந்த ஷிஜு,
புனலூர்க்காரன், ஜல்லி சப்ளை,
இரண்டு மாத வாடகை பாக்கியோடு விட்டுப்போனது.
ஆப்பிரிக்கா ஐட்டம், பேப்பர் எல்லாம் உண்டு சேச்சி என்றான்.
பேப்பரும் பூத்திருந்தது.

பெயர் நான் வைத்தது.
வாரிசுச் சான்றிதழுக்கு ஏழு மாதம் அலைந்தேனே,
அந்த அலுவலகத்தில் ஒருவர் இப்படித்தான்
தலையை நீட்டுவார், என்னைப் பார்ப்பார்,
மறுபடி உள்ளே இழுத்துக்கொள்வார்.

வெள்ளிக்கிழமை அதன் மூக்கில் ஒரு குமிழி.

எனக்கு வேலை புளியரைச் சோதனைச் சாவடியில்.
தற்காலிகம்.
கேரளத்துக் கோழி வண்டிகளின் டயருக்கு மருந்தடிப்பது.
முதுகில் பதினாறு லிட்டர்.
ஒரு கிருமியும் தாண்டி வரக்கூடாது என்று உத்தரவு.
சாரல் என் தலைக்கு மேலேயே போகிறது,
கை காட்டி நிறுத்த வழியில்லை.

அங்கே வரும் மாட்டு டாக்டர்
ஆமையைத் தூக்கி வாயைப் பார்த்தார், வாலைப் பார்த்தார்.
"மேலாப்ல வாரிப் போட்டா பத்தாது, அடியில ஓடியிருக்கும்.
மொத்தத்தையும் மாத்து.
இந்த டயர் மருந்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டு போயிராத,
பூஞ்சைக்கு முன்னாடி ஆமை போயிரும்.
இதுக்கு மருந்து வெயிலுதான். எங்க கிடைக்கும்னு என்னைக் கேக்காத."

சீராக வந்த ஷோகேஸைப் படுக்கப் போட்டுச் செய்த கூடு.
ஆமையை பாத்ரூம் பேசினில் விட்டுவிட்டு
இரண்டு சாக்கு நார்த்தூளை வாரி வெளியே போட்டேன்.
பின்பலகையைக் கழற்றினால் அங்கேயும்
ஒரு மாவட்டம் அளவுக்குப் படர்ந்திருந்தது.
வினிகரில் தண்ணீர் கலந்து துடைத்தேன்.
துடைக்கத் துணி தேடி பீரோவைத் திறந்தால் அவர் சட்டைகள்,
காலரில் அதே வெள்ளை.
கிழித்துக்கொண்டேன்.
நல்ல பருத்தி. ஈரத்தை நன்றாகவே இழுத்தது.

பிறகு வடைச்சட்டியில் புது நார்த்தூள்.
இரண்டு பிடி போட்டு, கிளறி,
ஆவி அடங்கியதும் தட்டில் கொட்டி, மறுபடி இரண்டு பிடி.
கேஸ் தீரும் போல இருந்தது.
எதிர்வீட்டு செண்பகவல்லி எட்டிப் பார்த்து
என்ன வறுக்கிறீங்க, வாசமா இருக்கே என்றாள்.
ஆமைக்குப் படுக்கை என்றேன்.
அவள் அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.

இரவு ஷிஃப்டில் நார்த்தூள் ஏற்றிய லாரி ஒன்று.
டயருக்கு அடித்துவிட்டு டிரைவரிடம் கேட்டேன்,
காய்ந்ததாக ஒரு மூட்டை கிடைக்குமா.
அவன் ஸ்டியரிங்கில் சாய்ந்து சிரித்தான்.
சிரிப்பு வைப்பரோடு சேர்ந்து
இப்படியும் அப்படியும் ஆடியது.

காலையில் வந்து பார்த்தால்
அறுபது வாட் பல்பின் கீழே பாதி புதைந்து கிடக்கிறது.
குமிழி இல்லை,
அல்லது நான் பார்க்கும்போது இல்லை.
விரலை விட்டேன். மேலே பொருபொரு.
அடியில் ஒரு சில்லிப்பு,
அது ஈரமா வெறும் குளிரா
விரலுக்குத் தெரியவில்லை.
நேற்றைய பூசணித் துண்டை எடுத்து வெளியே எறிந்தேன்.

தாசில்தார் தலையை நீட்டினார். என்னைப் பார்த்தார்.
நாளைக்கு வா என்பது போல் இருந்தது.
சட்டியை இன்னும் கழுவவில்லை,
அப்படியே இருக்கட்டும்.