பதினோரு நிமிடம்

மணி ஒன்றே முக்கால்.
நாரின் நகரில் மைனஸ் இருபத்தேழு.
மருந்துக்கடைக் கதவில் வெட்டிய சின்னச் சன்னலில்
காய்ச்சலுக்குச் சொட்டுமருந்து வாங்கிப் போனவரின்
மூச்சு மட்டும் இன்னும் கண்ணாடியில் நிற்கிறது.

புருல்கான் போனைத் திறக்கிறாள்.
அத்பாஷியிலிருந்து யாரோ சகின்திக்,
வயது அறுபத்தொன்று, டிராக்டர் மெக்கானிக்:
"நானும் கதை போடுகிறேன்.
ஆறு பேர்தான் பார்க்கிறார்கள்.
உங்களுக்கு நாலாயிரம் பேராமே.
எப்படி என்று சொன்னால் நல்லது."

தட்டச்சத் தொடங்குகிறாள்.
"கதையை வானிலையில் தொடங்காதீர்கள்.
குளிர் என்றால் என்னவென்று
நம் ஊரில் நாய்க்கும் தெரியும்."
கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்.
அழிக்கிறாள்.

"வியாழன் என்று சொன்னால் வியாழன்.
கரண்ட் போனாலும் வியாழன்.
காத்திருந்தவர் ஒருமுறை ஏமாந்தால்
மறுமுறை கதவைத் தட்ட மாட்டார்."
இதை வைத்துக்கொள்ளலாம்.

"விருப்பக் குறிகளை எண்ணாதீர்கள்.
என் முதல் கதைக்கு விழுந்தவை பதினொன்று.
அதில் மூன்று நானே போட்டவை:
வீட்டிலிருந்து ஒன்று, கடைக் கணினியில் ஒன்று,
கணவர் தூங்கும்போது அவர் போனில் ஒன்று."
காக்கைக்கும் தன் குஞ்சு.
சிரிப்பு வருகிறது. அதையும் அழிக்கிறாள்.

பிறகு, உண்மையாக நடந்ததைச் சொல்லலாமா?

அவளுக்கு வந்த முதல் கடிதம்
பாராட்டே இல்லை.
"கசர்மான் கணவாயை நவம்பரிலேயே மூடிவிடுவார்கள்.
உன் நாயகி ஜனவரியில் எந்த வழியாகப் போனாள்?
பறந்தா?"
இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.
மூன்றாம் நாள் உறைத்தது:
கணவாய் வருவது கடைசிக்கு முந்தின வரியில்.
அதுவரை வந்திருக்கிறான் அந்த மனிதன்.

மாஸ்கோவுக்கு வெளியே ஒரு கிடங்கு.
ராத்திரி ஷிப்டில் பெட்டி அடுக்குபவன், ஜோல்தோஷ்.
தேநீர் இடைவேளை பதினைந்து நிமிடம்.
கழிப்பறை வரிசை நாலு நிமிடம்.
மிச்சம் பதினொன்று உனக்கு, என்றான்.

அன்றிலிருந்து கத்தரி.
பதினோரு நிமிடத்துக்குள் அடங்காத நிலா போயிற்று,
மாமியாரின் அடுப்படி இரண்டு பக்கம் போயிற்று,
மிகவும் அழகாக எழுதியதாக அவள் நினைத்த
ஒரு பெருமூச்சும் போயிற்று.
உரக்க வாசித்து, கடிகாரம் பார்த்து,
பதினொன்றே கால் வந்தால்
ஒரு வாக்கியத்தைக் கொன்றுவிட்டுத்தான் தூங்குவாள்.

பிப்ரவரியில் அவன் காணாமல் போனான்.
பகல் ஷிப்டா, வேறு ஊரா, வேறு கதையா,
தெரியாது.
அவன் பதினோரு நிமிடம் மட்டும் இருந்தது.
அதற்குள் மற்றவர்கள் வந்து உட்கார்ந்தார்கள்.
யார் அளவுக்குத் தைத்த சட்டை என்று
யாரும் கேட்கவில்லை.

நாலாயிரம் எப்படி?
ஒரு ராத்திரி யாரோ யாருக்கோ அனுப்பினார்கள்.
அவ்வளவுதான் தெரியும்.
இதை அறிவுரை என்று எப்படி எழுதுவது.

சன்னலில் தட்டு.
இருமல் மருந்து, சில்லறை இல்லை, நாளைக்குத் தருகிறேன்.
சரி.

திரும்பி வந்து,
இத்தனை நேரம் செய்யாததைச் செய்கிறாள்:
சகின்திக்கின் கதையைத் திறக்கிறாள்.

வானிலையில்தான் தொடங்குகிறது.
எழுத்துப்பிழை ஏராளம்.
பனியில் இறுகிப்போன ஒரு டிராக்டர்;
கீழே தீ மூட்டி எண்ணெயை இளக்குகிறார்கள் இரண்டு பேர்,
பழைய சண்டை ஒன்றைப் பேசாமல்.
இரண்டாம் பத்தியில் சக்கரத்தோரம் ஒரு நாய்.
மூன்றாம் பத்தியிலிருந்து நாய் இல்லை.
தீயோ இருக்கிறது.

வியாழனை அழிக்கிறாள்.
மிச்சம் எல்லாவற்றையும் அழிக்கிறாள்.
ஒரு வரி:
"அந்த நாய் என்ன ஆயிற்று?"

ஆறு, ஏழாகியிருக்கிறது.

மணி இரண்டரை. தூங்கியிருப்பார் என்று
போனைக் கல்லாவின் மேல் கவிழ்த்து வைத்து,
மறுபடி நிமிர்த்துகிறாள்.
பெயருக்குக் கீழே மூன்று புள்ளிகள்
துடிக்கின்றன, நிற்கின்றன, துடிக்கின்றன.
வெகு நேரமாக
எழுதிக்கொண்டே இருக்கிறார்.