எண்பது கட்டம்

அந்த மெஷினை நான் பார்த்ததே இல்லை.
மெட்ராஸில் இருந்தது, குளிர் அறைக்குள்.
சூரமங்கலத்து மாடியில் எங்களுக்குக் கோடைதான்:
மூன்று பஞ்ச் மேசை, ஒரே மின்விசிறி,
அதையும் போடக்கூடாது, கார்டு பறக்கும்.

கார்டுக்கு எண்பது கட்டம்.
பெயருக்கு எட்டு போதும் என்றார் இக்னேஷியஸ் சார்.
அங்காயம்மாளுக்கு வால் அறுந்தது.

ஆடி மாதக் கூலியில்
அவளுடைய ஓவர்டைம் வரவில்லை.
வெள்ளைக்கல் சுரங்கத்திலிருந்து நேரே வந்து
படியிலேயே நின்றாள், இமை வரைக்கும் வெள்ளை.
"ஞாயித்துக்கெழமையும் கல்லு சொமந்தனே,
அது எங்க போச்சு?"

கட்டைப் பிரித்துத் தேடி
அவள் கார்டை ஜன்னலில் பிடித்தேன்.
நாற்பத்துநான்காம் கட்டம்.
ஓட்டை இருந்தது. அடைத்தும் இருந்தது:
மாக்னசைட் தூசி.

ஊதினேன்.
சேர்வராயன் மலை எள்ளளவு தெரிந்தது.

"நானும் பாக்கட்டா?"
ஒற்றைக் கண்ணால் வெகுநேரம் பார்த்தாள்.
"ஒண்ணும் எழுதலியே, வெறும் ஓட்ட."
"அதுதான் உங்க காசு."
சிரித்துவிட்டாள், இருமல் வரும்வரை.

திருப்பித் தந்த கார்டில்
அவள் கட்டைவிரல், வெள்ளையாக.
அதை டிராயரில் போட்டுவிட்டு
புதுசு ஒன்று அடித்தேன்.
ராத்திரி ரயில் பார்சலுக்கு
இன்னும் ஏழு நிமிஷம்.