கிணற்றில் போட்ட கணக்கு

எண்ணெய்க் கடை எரிந்த இரவில்
எடோ முழுக்க வெளிச்சம்.
கன்சுகே முதலில் காப்பாற்றியது
பணப்பெட்டியை அல்ல, பட்டு அங்கியை அல்ல,
கயிற்றில் தொங்கிய கடன் பேரேட்டை.
இரண்டு கையாலும் தூக்கிக்
கிணற்றுக்குள் எறிந்துவிட்டு ஓடினார்.

நான் பார்த்தேன்.
பாலத்தடியில் விலாங்கு சுட்டு விற்பவன் நான்.
என் விளக்குக்கு வாங்கிய பதினேழு படி எண்ணெய்
அந்தப் பேரேட்டில் எரிந்துகொண்டிருந்தது
பதினான்கு மாதமாக.
நெருப்பு தின்றால் என்ன, நீர் தின்றால் என்ன,
இனி கிணற்றில் போட்ட கல்தான் என்று
சாம்பல் வாடைக்கு நடுவே
வெட்கமில்லாமல் தூங்கினேன்.

ஒமினேதான் சிரித்தாள்.
"தண்ணீரில் பிறந்ததைத்
தண்ணீர் என்ன செய்யும்?"
ஹிதாச்சி மலைக்காரி.
கல்யாணத்துக்கு முன் எட்டுக் குளிர்காலம்
பனிக்கட்டி மிதக்கும் ஓடையில் குந்தி
கோசோ நாரிலிருந்து
கறுப்புத் துணுக்குகளைப் பொறுக்கியவள்.
என் விலாங்கை முதன்முதலில் தொட்டபோது
"எங்கள் தொட்டியில் கலக்கும் வேர்ச்சாறும்
இதே வழவழப்பு" என்றவள்.
நார்களை நீருக்குள் அந்தரத்தில் நிறுத்துமாம் அது.

மூன்றாம் நாள்
கொக்கியில் மாட்டி மேலே வந்தது பேரேடு,
நனைந்த நாயைப் போலக் கனத்து.
பிரிக்கத் தெரிந்த கை தேவைப்பட்டது.
நாள் கூலிக்கு இவளைக் கூப்பிட்டார்கள்.

ஓரத்தில் ஒருமுறை ஊதினாள்.
இரு விரலால் தூக்கினாள்,
வெந்த மீனின் தோலை உரிப்பதுபோல, ஆனால் கிழியாமல்.
பலகையில் போட்டுத் தூரிகையால் நீவினாள்.
மசி இம்மியும் கலையவில்லை.
எல்லோரும் இருந்தோம்:
வைக்கோல் செருப்பு பின்னுபவன், நாவிதன்,
போன வருஷமே செத்துப்போன குடைக்காரன்.

அவளுக்கு எழுத்து தெரியாது.
"இதில் நம்முடையது எது?"
காட்டினேன்.
ஏன் காட்டினேன் என்று இன்றும் தெரியவில்லை.

இன்னொரு பலகை எடுக்க அவள் போன நேரம்
என் பெயர் இருந்த மூலையைக் கிள்ளி இழுத்தேன்.
ஈரத் தாள். பிய்ந்திருக்க வேண்டும்.
நகத்தளவு நார்கள்,
ஒன்றின் கையை ஒன்று விடவில்லை.
கொஞ்சம் நீண்டது, அவ்வளவுதான்.

திரும்பி வந்தவள் சுருக்கத்தைப் பார்த்தாள்.
என்னைப் பார்க்கவில்லை.
மூன்று முறை நீவினாள்.
முழுதும் போகவில்லை அது.

மாலை வெயிலில் தெரு நெடுக
பலகைகளில் எங்கள் கடன்கள் வெளுத்து நின்றன.
கருகிய புருவத்தோடு கன்சுகே
ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தார்.
என் மூலையில் நின்றார்.
கட்டைவிரலால் தடவினார்.
"இது எந்த ஊர்த் தாள்?" என்று அவளைக் கேட்டார்.
ஊர்ப் பெயரைச் சொன்னாள்.

கூலியை ஒரு படி எண்ணெயாகக் கழித்து
நின்றபடியே எழுதினார்:
பதினாறு.

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிற
அந்தப் பிராணியை
அன்றிரவு விளக்கில்லாமல் சுட்டேன்.
கரியின் வெளிச்சம் போதுமாக இருந்தது.