உப்பு வண்டிக்காரியின் தரை

இந்த ஊர்ச் சாலைகளுக்கு உப்புப் போடுவது நான்.
நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை
விடிய மூன்று மணி நேரம் இருக்கும்போதே
பனி தள்ளும் லாரியில் ஏறி
டூலூத்தின் மேட்டுத் தெருக்களில் விசிறிக்கொண்டே போவேன்.
யார் வண்டியில் எவ்வளவு ஒட்டிப் போகிறது என்று
கணக்குப் பார்த்ததில்லை.

மார்ச்சில், என் காரேஜில், கணக்கு வந்தது.
நான்கு சக்கரம் நிற்கும் இடத்திலும்
கான்கிரீட் பொரிந்து
உள்ளங்கை அகலத்துக்குத் தோல் பெயர்ந்து
ஜல்லி பல்லிளித்தது.
கூட்டினால் மணல் வருகிறது.
நேற்றும் கூட்டினேன்.

ஆர்விலுக்குப் பளபளப்பு வேண்டும்.
சாம்பல் எப்பாக்ஸி,
மேலே நீலமும் வெள்ளையுமாய்த் தூவிய சில்லுகள்.
எதிர்வீட்டு லிண்ட்க்விஸ்ட் அப்படித்தான் போட்டார்.
போன ஜூலையில் நெடுஞ்சாலையிலிருந்து
சூட்டோடு வந்து நின்ற டயர்
காலையில் கிளம்பும்போது
தன் அச்சை அப்படியே உரித்துக்கொண்டு போனது.
இப்போது அந்த இடத்தில் ஒரு கம்பளம்.
நாய்க்கு என்கிறார்.
நாய் அதில் படுத்து நான் பார்த்ததில்லை.

கடையில் தேயா சோல்பெர்க் டப்பாக்களை எடுத்து வைத்தாள்.
இது பெயின்ட். ஒரு குளிர்காலம் தாங்கினால் உன் நல்ல நேரம்.
இது எப்பாக்ஸி. கெட்டி. வெயில் பட்டால் மஞ்சள் பூக்கும்.
இது பாலியாஸ்பார்டிக்,
இன்று பூசி நாளை வண்டி ஏற்றலாம்,
விலையை மட்டும் உட்கார்ந்துகொண்டு கேள்.
உட்கார்ந்துதான் கேட்டேன்.
எழுந்திருக்கச் சற்று நேரம் பிடித்தது.

இன்று எதையும் வாங்காதே, என்றாள் அவளே.
ஒரு பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரி.
நான்கு ஓரமும் டேப் ஒட்டு.
ஒரு முழு நாள் தொடாமல் இரு.

மறுநாள் வேலை முடிந்து வந்து
டார்ச் அடித்தேன்.
தாளுக்கு அடியில் முத்து முத்தாய்த் தண்ணீர்.
கூரை ஒழுகவில்லை. குழாய் உடையவில்லை.
தரை வேர்த்திருந்தது.

உப்பைத் தின்றது தண்ணீர் குடிக்கும், சரி.
இது மேலிருந்து குடித்த தண்ணீர் அல்லவே.
ஏரியை நோக்கிச் சரியும் இந்தக் குன்றின் வயிற்றில்
எங்களைக் கேட்காமல் நடந்துகொண்டிருக்கிற ஈரம்.
எண்ணெய், சங்கிலி, கை தவறும் சுத்தியல்
என்று மேலிருந்து விழுவதற்கெல்லாம்
அந்த டப்பாக்களில் பதில் இருக்கிறது.
கீழிருந்து ஏறி வருவதற்கு
மூடி எதற்கு?
மூச்சு விட வழி வேண்டும்.

முதலில் குழிகளை அடைத்தேன்.
குழி அடைக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்,
கோடையில் அதற்குத்தான் சம்பளம்.
காய்ந்ததும் நான்கும் கறுத்துத் தெரிந்தன,
ஏதோ கனத்த மிருகம் உள்ளே வந்து நின்று
யோசித்துவிட்டுப் போன மாதிரி.
பிறகு சிலேன்.
தண்ணீர் போலவே இருக்கும், விலையைத் தவிர.
தெளிக்கத் தெளிக்கத் தரை உறிஞ்சியது,
ஒரு சுவடும் காட்டாமல்.

ஆர்வில் வாசலில் நின்று பார்த்தான்.
"முந்நூறு டாலர். எங்கே அது?"
"உள்ளே."
"பூசினது தெரியாத பூச்சா?"
இரண்டு நாள் அவன் காரேஜ் பக்கம் வரவில்லை.

மூன்றாம் நாள் ஆறிப்போன காபியோடு வந்தான்.
கோப்பையைச் சாய்த்தான், வேண்டுமென்றே.
காபி பரவவில்லை.
உருண்டையாய்த் திரண்டு
தரைமேல் நின்றது,
கூரை பல்பைச் சின்னதாய் ஏந்திக்கொண்டு.
குனிந்து வெகுநேரம் பார்த்தான்.
விரலால் ஒரு துளியைத் தள்ளினான்.
அது போய் இன்னொன்றோடு சேர்ந்துகொண்டது.
"இதாவது பளபளக்கிறதே" என்றான்.
துணியை நான்தான் எடுத்துக்கொடுத்தேன்.

அக்டோபர் ஆகிவிட்டது.
கிடங்கு முற்றத்தில் இந்த வருஷத்து உப்பு
வந்து இறங்கிவிட்டது,
எங்கள் வீட்டைவிட உயரமாக.