வடக்குச் சுவர்

வெண்ணாற்றில் தண்ணீர் வந்து ஒரு மாதம் ஆகிறது.
அது வாய்க்காலோடு மட்டும்தான் போகும் என்று
கான்ட்ராக்டர் குணசீலன் நினைக்கிறார்.
நேற்று ராத்திரி ஒரு பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து
நாலு பக்கமும் டேப் ஒட்டிவிட்டுப் போனேன்.
காலையில் பார்த்தால் உள்பக்கம் முழுக்க வியர்வை.

"இன்னும் பத்து நாள் காயட்டும்."
"ஆவணி நாலு கிரகப்பிரவேசம்.
பத்திரிகை அடித்தாயிற்று."
சுவருக்கு யாரும் பத்திரிகை வைக்கவில்லை போலிருக்கிறது.

பட்டி பார்ப்பது என்றால் பார்ப்பதுதான்.
குண்டு பல்பைச் சுவரோரம் சாய்த்துப் பிடித்தால்
நேரே நின்றபோது தெரியாத மேடு பள்ளமெல்லாம்
ஆளுக்கொரு நிழலோடு எழுந்து வரும்.
கஸ்தூரி நூற்றெண்பதாம் நம்பர் எமரித்தாளோடு
அவற்றின் பின்னாலேயே அலைவாள்.
பதினோரு மணிக்கெல்லாம் அவள் இமை நரைத்துவிடும்.
சாப்பாட்டுக்கு முன் முகம் கழுவினால்
முப்பது வயது திரும்பி வரும்.

பூச்சுச் சுவர் என்பது பாதி நோட்டுப் புத்தகம்.
எலக்ட்ரீஷியனின் அம்புக்குறி,
சிமெண்ட் மூட்டைக் கணக்கு,
யாரோ ஒரு மணல் லாரிக்காரரின் போன் நம்பர்.
பென்சில் எல்லாம் பட்டிக்கு அடியில் பேசாமல் படுத்துவிடும்.
ஹாலின் வடக்குச் சுவரில், நெஞ்சு உயரத்தில்,
நீல மார்க்கரில் இருந்தது:

அமிர்தகடேசன்
கொத்து 41 நாள்
வரவு 29
பாக்கி 12

கேட்டுப் பார்த்துவிட்டு ஆள் பாலக்காட்டுக்கு வேலைக்குப் போயாயிற்று.
"முதலில் இதை அடி" என்றார் குணசீலன்.

அடித்தேன்.
பட்டி இரண்டு கை, பிரைமர் ஒரு கை.
லேசாக ஒரு நீலம்,
மணிக்கட்டு நரம்பு மாதிரி.

கலர் தோஹாவிலிருந்து வந்தது, போனில்.
அவர் போனில் அது சந்தனம்,
என் போனில் மோர்,
சுவரில் இரண்டும் இல்லை.
முதல் கோட்டு காய்ந்ததும் பாக்கி தெரிந்தது.
இரண்டாவதில் பன்னிரண்டும்.
வரவு மட்டும் எங்கேயோ அமுங்கிவிட்டது.

ஆயில் பிரைமர் ஒரு கை வைத்தால் அடங்கிவிடும்.
தண்ணீர்ப் பெயிண்ட்தான் மார்க்கரை எழுப்பும்,
எண்ணெய்க்கு அது மசியாது.
என் வண்டிப் பெட்டியில் அரை டப்பா கிடக்கிறது,
மூடியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்ப வேண்டியதுதான்.
கஸ்தூரிக்கும் தெரியும்.
அவள் ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்,
ஏற்கெனவே துடைத்த கம்பியை.

"ஈரம் சார்" என்றேன்.
"நான்தான் முன்னாடியே சொன்னேனே."

சாயங்காலம் வீடியோ கால்.
குணசீலன் போனைப் பிடித்தபடி நடந்தார்:
இது பூஜை ரூம், இது மாடிப்படி, இது ஹால்.
"நில்லுங்க, அது என்ன நீலமா?
கொஞ்சம் கிட்டக் கொண்டு போங்க."

கிட்டப் போகவில்லை போன்.
குணசீலனின் கட்டைவிரல் கேமராவின்மேல் விழுந்தது.
"ஹலோ, இருட்டாயிருக்கே, ஹலோ" என்றது தோஹா.

நான் ரோலரைக் கழுவாமல்
அப்படியே வாளித் தண்ணீரில் அமுக்கி வைத்தேன்.
எப்படியும் நாளைக்கு இன்னொரு கோட்டு இருக்கிறது.