மடியாதது இருக்கோ

ஸ்கூட்டர் வாங்கப்போறன் என்றேன்.
"ஸ்கூட்டியோ? எந்த இடத்திலை லீசிங்?"
சாப்பாட்டுக் கொட்டிலில் ஏழு பெண்களும் திரும்பினார்கள்.
எஞ்சின் இல்லாதது. சீற்றும் இல்லை.
நின்றபடி உதைத்து ஓடி, துள்ளி,
காற்றில் ஒரு சுற்றுச் சுற்றிவந்து
அதே பலகையில் இறங்குவது.
"பிறகென்னத்துக்கு அது?" என்றாள் தவமலர்,
முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு.

ஆரபிக்கு ஒன்பது வயது.
பக்கத்துக் காணி நிறோஜனின் போனில்
எந்தத் தேசத்துப் பெட்டையோ படிக்கட்டால் பாய்ந்ததை
நாற்பது தரமாவது பார்த்திருப்பாள்.
இப்போது நித்திரையிலும் ஒரு கால் உதைக்கிறது,
என் விலாவில்.

சனிக்கிழமை, கிளிநொச்சி.
சைக்கிளும் தண்ணீர் மோட்டரும் விற்கிற கடை.
முதலாளி முதலில் இறக்கியது மின்னுகிற சில்லு.
"ஓடேக்கை லைற் எரியும் தங்கச்சி.
இஞ்சை பாருங்கோ, ஒரு கிளிப். டக்கெண்டு மடியும்.
எங்கையும் தூக்கிக்கொண்டு போகலாம்."

மடியும்.
தறப்பாள் மடிந்தது, பாய் மடிந்தது,
சட்டிக்குள் சட்டி, அதற்குள் அரிசி.
பதினாலு வயதில் ஒன்பது இடங்களுக்குத் தூக்கினேன்.
தறப்பாள் எப்போதும் மடிப்பில்தான் கிழிந்தது,
மழை எப்போதும் அதைக் கண்டுபிடித்தது.
"மடியாதது இருக்கோ?" என்றேன்.

பின்னறையிலிருந்து தூசியோடு ஒரு பெட்டி வந்தது.
கறுப்பு. கூட்டவோ குறைக்கவோ முடியாத கைபிடி.
பிடித்து முறுக்கினேன், ஆடவில்லை.
சில்லின் நடுவை நகத்தால் சுரண்டினேன்,
பிளாஸ்டிக் இல்லை, அலுமினியம்.
ஒட்டு வைத்த இடங்களை விரலால் தடவினேன்,
மெல்ல, வேலையில் மண்ணைத் தடவுகிற மாதிரி.
முதலாளி ஏதோ சொல்ல வந்து பேசாமல் நின்றார்.

ஆரபி ஏறி நின்றாள். கைபிடி இடுப்புக்கு வந்தது.
"வளருற பிள்ளை.
ஒரு நம்பர் பெரிசாய் எடுத்தால் மூண்டு வருசத்துக்குக் காணும்."
அவளுடைய பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையின் கரையில்
மூன்று மடிப்பு இருக்கிறது,
சப்பாத்தின் முனையில் பஞ்சு.
வரப்போகிற பிள்ளைக்கு வாங்கி வாங்கி
இருக்கிற பிள்ளை எல்லாவற்றுக்குள்ளும் தொளதொளவென்று நடக்கிறாள்.
பெரிய கைபிடியோடு பாய்ந்தால் நாடியில் அடிக்கும்.
"இது காணும்" என்றேன்.

இருபத்தேழாயிரம்.
இந்த மாதச் சீட்டு எனக்கு விழுந்திருந்தது.
கிணற்றுக் கட்டுக்கு என்று வைத்த காசு.
கிணறு இவ்வளவு காலம் கட்டில்லாமல் கிடந்ததுதானே.

எங்கள் ஒழுங்கை கிரவல்.
இந்தச் சில்லு ஒரு சின்னக் கல்லில் பிடிபட்டாலும் நின்றுவிடும்,
பிள்ளை மட்டும் முன்னால் போகும்.
அதனால் சங்கத்தின் நெல் காயவிடுகிற தளம்.
அறுவடை முடிந்து காலியாகக் கிடந்தது,
காவலுக்கு இருந்தவர் புறாக்களைக் காட்டி,
"அதுகளிட்டையும் கேட்டிட்டு ஓடுங்கோ" என்றார்.

நான் ஒரு மூலையில் முழங்காலில் இருந்தேன்.
கல், நெல்மணி, சாக்குத் தையலின் நூல்,
ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு பக்கம் வைத்தேன்.
ஒரு மீற்றர் அகலம், பிறகு அடுத்த ஒரு மீற்றர்.
வேலைத்தளத்தில் என்றால் ஓரத்தில் தடி நட்டிருப்பேன்.
எவ்வளவு நேரம் போனதோ தெரியாது.
"அம்மா,
இது சீமெந்து. எழும்புங்கோ."

எழும்பினேன்.

முதல்தரம் விழுந்தாள். இரண்டாம்தரம்
ஸ்கூட்டர் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.
என் வேலை முழங்கால் உறையை அவளுக்குக் கட்டியிருந்தேன்,
அது கணுக்காலுக்கு இறங்கிவிட்டது.
பன்னிரண்டோ பதின்மூன்றோ தரம்.
பிறகு ஒருதரம்
இரண்டு சில்லும் நிலத்தில் இல்லை.
கீழே வெளிச்சம் தெரிந்தது,
அதற்குள்ளே ஒரு நெல்மணி,
நான் பொறுக்காமல் விட்டது.

திங்கள் காலை
தலைக்கவசம் மாட்டமுதல் தவமலர் கேட்டாள்,
"எவ்வளவு உயரம் பாய்ஞ்சவள்?"
பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் காட்டினேன்.
ஏழு பேரும்
குனிந்து பார்த்தார்கள்.