கையின் நிழல்

பொஹுமில் தன் நிலவறையில் பொரிக்க வைத்தவை பதினொன்று.
பன்னிரண்டாவது ரியோ நெக்ரோவில் பிடித்தது.
பார்சேலோஸ் படகுக்காரி யாரோ அள்ளி,
மூன்று விமானம் மாறி வந்தது.
விலையில் முக்கால்வாசி விமானத்துக்கு
என்றான் கடைக்காரன்.

அதே நீலக்கோடு. அதே சிவப்பு.
தொட்டியில் விட்டதும் எது எதுவென்று
எனக்கே தெரியவில்லை,
தீனி போடக் கை நீட்டும்வரை.

பதினொன்றும் மேலே பாய்ந்தன:
என் கை, சோறு.
ஒன்று மட்டும் வேர்க்கட்டைக்குள் செருகிக்கொண்டது:
என் கை, கொக்கு.

ட்ராம் பணிமனையில் இரவெல்லாம்
கிரீஸ் பூசுகிற கை இது.
எதையும் கொத்தியதில்லை.
சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வருகிறேன்.

பழகிவிடும் என்றார் பொஹுமில்.
வாதாம் இலை போட்டுத்
தண்ணீரைத் தேநீர் நிறமாக்கினேன்.
விளக்கைக் குறைத்தேன்.
மூன்று வாரம்.

பழக்கம் தொற்றத்தான் செய்தது,
நான் நினைத்த பக்கமாக அல்ல.

நேற்றுக் காலை மூடியைத் திறந்தேன்.
பன்னிரண்டும் சிதறின.
தீனி மட்டும் ஆடி ஆடி இறங்கியது.

கண்ணாடிக்கு வெளியே எதுவுமறியாத பதினொன்று,
புர்னோவில், நாலாம் மாடியில்,
பனி கொட்டும் ஜன்னலோரம்
முதன்முதலாகக் கொக்கைப் பார்த்துவிட்டன.

கையைக் கோட்டுப் பைக்குள்
வைத்துக்கொண்டேன்.